பெரியவர்களின் மருந்துப் பழக்கம் பற்றி ஆய்வு: கேள்வித்தாளை முதலில் அவர்களிடமே காட்டலாமா?

கடைசிபெஞ்சு மலர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மதுரைப் பக்கம் பார்ம் டி (மருந்தாளர் பட்டப்படிப்பு) படிக்கிறேன். இறுதி ஆய்வுக்கு நான் எடுத்திருப்பது, 60 வயதைத் தாண்டியவர்கள் தினமும் ஐந்தும் அதற்கு மேலும் மாத்திரை சாப்பிடுவது பற்றி. எல்லாரையும் போல நானும் ஒரு கேள்வித்தாள் தயார் செய்தேன். மோரிஸ்கியும் அவருடைய சகாக்களும் 1986-ல் வெளியிட்ட நாலு கேள்விகளைத் தமிழில் எழுதி முதல் பக்கத்தில் வைத்தேன். மருந்து சாப்பிட மறப்பதுண்டா, சில நேரம் அலட்சியமாக இருப்பதுண்டா, உடம்பு நன்றாக இருந்தால் நிறுத்துவதுண்டா, மருந்து சாப்பிட்டு உடம்பு மோசமானால் நிறுத்துவதுண்டா.

ஒத்திகைக்கு என் பாட்டியை உட்கார வைத்தேன். முதல் கேள்விக்கே சிரித்துவிட்டாள். "மறந்தது ஞாபகம் இருந்தா அது என்னடி மறதி?" இரண்டாவது கேள்விக்குக் கோபம் வந்துவிட்டது. "அலட்சியமா? உங்க தாத்தாவுக்குப் பதினோரு வருஷம் மருந்து எடுத்துக் குடுத்தவ நான்." அதோடு விடவில்லை. "கல்யாணத்துக்கு பஸ்ல போற அன்னிக்கு நீர் மாத்திரையத் தொட மாட்டேன். வழியில எங்க இறங்கி ஒதுங்கறது? இத மறதின்னு போடுவியா, அலட்சியம்னு போடுவியா?"

என் தாளில் அதற்குக் கட்டமே இல்லை.

கைடிடம் சொன்னேன். "நிரூபிக்கப்பட்ட கருவி, கை வைக்காதே" என்றார். அவர் சொல்வதும் புரிகிறது. ஆனால் கேள்விகளை எழுதும் முன்பே பெரியவர்களையும் அவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் செய்தீர்கள்?

எதிர்க்கேள்வி

கைடு சொன்னதுதான் சரி. அந்த நாலு கேள்வியை எல்லா நாட்டிலும் கேட்டிருப்பதால்தான் உன் முடிவை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடிகிறது. ஒரு பாட்டி சிரித்தார் என்று மாற்றினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. கையில் இருப்பது ஆறு மாதம். நூறு பேரைப் பார்த்து, கணக்குப் போட்டு, எழுதி முடி. ஊர்க்கூட்டமெல்லாம் முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்.

பவானி மருமகள்

மலர், உங்கள் பாட்டிக்கு என் கும்பிடு.

என் மாமியாருக்கு வயது 81. காலையில் ஐந்து, ராத்திரி நாலு, ஆக ஒன்பது மாத்திரை. வாங்கி வருவது என் வீட்டுக்காரர். பிரித்து டப்பாவில் போட்டு, வெந்நீரோடு நீட்டி, தொண்டையில் இறங்கியதா என்று பார்ப்பது நான். இரண்டு வருஷத்துக்கு முன் பிரஷருக்கு அம்லோடிபின் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் கணுக்கால் இரண்டும் வீங்கியது. வேறொரு டாக்டரிடம் காட்டினோம். அவர் வீக்கத்தைப் பார்த்து நீர் மாத்திரை எழுதினார். அப்புறம் ராத்திரிக்கு நாலு தடவை பாத்ரூம். ஒரு நாள் இருட்டில் நிலைப்படி தடுக்கி விழுந்தார். இடுப்பில் நல்ல அடி. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் பிரஷர் மாத்திரையை மாற்றினார். வீக்கம் வடிந்தது, நீர் மாத்திரையும் வேண்டாம் என்றார்.

வீங்கிய தேதி, நீர் மாத்திரை தொடங்கிய தேதி, விழுந்த தேதி மூன்றும் எங்கள் வீட்டு நாட்காட்டியில் பால் கணக்குக்குப் பக்கத்திலேயே இருந்தன. யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது ஒரு மாணவர் இதே மாதிரி ஒரு தாளோடு வந்தார். "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?" என்றார். மருமகள் என்றேன். ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. விழுங்கச் சிரமப்படுகிறாரே என்று ஏழெட்டு மாதம் எல்லா மாத்திரையையும் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். சர்க்கரை மாத்திரை மெதுவாகக் கரைகிற வகை, அதைப் பொடிக்கவே கூடாது என்று மெடிக்கல் ஷாப் பையன் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியும். "மாத்திரையை எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பேன்.

எங்களைக் கூப்பிடுவதாக இருந்தால் மத்தியானம் இரண்டிலிருந்து நாலுக்குள் கூப்பிடுங்கள். காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் யாரும் வர மாட்டோம்.

கடைசிபெஞ்சு மலர்

அக்கா, உங்கள் வீட்டில் நடந்தது எங்கள் பாடத்தில் அப்படியே இருக்கிறது. ஒரு மருந்தின் பக்க விளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கு இன்னொரு மருந்து எழுதுவது, அதனால் வருவதற்கு இன்னொன்று. ரோஷனும் குர்விட்ஸும் 1997-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அருவி மாதிரி விழுந்துகொண்டே போகும் என்பார்கள். பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வி. நாட்காட்டியில் பால் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கணக்கு வாத்தியார் 74

பவானிப் பெண்மணி சொன்னது அத்தனையும் நியாயம். ஆனாலும் ஒரு தடை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் ஓய்வு பெற்று 16 வருஷம் ஆகிறது. எனக்கு மருந்து வாங்கித் தருவது என் மகன். அவனிடம் கேட்டால் ஏழு மாத்திரைக்கு அழகாகப் பட்டியல் தருவான், கைப்பேசியிலேயே வைத்திருக்கிறான். அது அவன் வாங்கியதன் பட்டியல். நான் விழுங்கியதன் பட்டியல் வேறு. முழங்கால் வலி தாங்காத நாளில் தெருமுனைக் கடையில் டைக்லோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்வேன். பிரஷர்காரன் அதைத் தொடக் கூடாது, சிறுநீரகத்துக்கும் ஆகாது என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் போடுகிறேன், மாடிப்படி ஏறி மொட்டை மாடிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் அல்லவா. இது போக ஒரு சித்த மருத்துவர் தந்த லேகியம் இருக்கிறது. இரண்டும் மகனுக்குத் தெரியாது. தெரிந்தால் மாடிக் கதவுக்குப் பூட்டு வந்துவிடும்.

போன வருஷம் ஒரு கணக்கெடுப்புக்கு இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள். கேள்வியெல்லாம் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள், பதிலை மகனிடம் வாங்கிக்கொண்டார்கள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாளில் என் பெயரில் பதிந்திருப்பது என் மகனுடைய மருந்துப் பழக்கம்.

ஆகவே மலர், "முதியவர்களும் பராமரிப்பாளர்களும்" என்று ஒரே மூச்சில் எழுதாதே அம்மா. இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் ஒருவர்தான் பேசுவார். யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பவானி மருமகள்

ஐயா, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய் நீங்கள் விழுந்தால் தூக்கப் போவது யார்? அவரிடம் மறைத்துவிட்டு அவரைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்? நாங்கள் பூட்டுப் போடுவது பயத்தில்.

கணக்கு வாத்தியார் 74

பயம் என்று எனக்குத் தெரியாதா அம்மா. அதனால்தான் அவனிடம் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு மாணவி தனியாக வந்து கேட்டால் சொல்வேன். இதோ இங்கே சொல்லவில்லையா?

மொன்றியல் பேரன்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் மருந்தகம் ஒன்றில் வேலை செய்கிறவன். முதலில் ஒரு சின்ன விஷயம். எங்கள் அம்மம்மாவிடம் "எத்தனை மாத்திரை?" என்று கேட்டால் யோசிப்பா. "எத்தனை குளிசை?" என்று கேட்டால் டக்கென்று சொல்லுவா. கேள்வித்தாளை எழுதிய பிறகு மொழிபெயர்ப்பதற்கும், அந்த ஆட்களோடு கதைத்துவிட்டு எழுதுவதற்கும் இதுதான் வித்தியாசம்.

இங்கே மொன்றியலைச் சுற்றி நடந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். எம்பவர் என்று பெயர், 2014-ல் வெளிவந்தது. 65 வயது தாண்டி, தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் பென்சோடயஸிபின் வகைக் குளிசைகளை நீண்ட காலமாக எடுத்து வந்த 303 பேர், 30 மருந்தகங்கள் வழியாகச் சேர்ந்தார்கள். அல்பிரசோலம், லோராசிபாம் எல்லாம் இந்த வகைதான். வயதானவர்களுக்கு விழுகிற ஆபத்தையும் மறதியையும் கூட்டும். வழக்கமாக இப்படியான ஆய்வுகளில் வைத்தியருக்குத்தான் பாடம் எடுப்பார்கள். இவர்கள் ஒரு சின்னக் கையேட்டை நேரே குளிசை எடுக்கிறவர்களின் கையிலேயே கொடுத்தார்கள். உங்களையே சோதித்துப் பாருங்கள் என்று நாலு கேள்வி, குளிசையை விட்ட ஒரு மூதாட்டியின் கதை, கிழமை கிழமையாக (வாரா வாரம்) எப்படிக் குறைப்பது என்று படம் போட்ட அட்டவணை. அந்தக் கையேட்டையும் முதலில் வயதானவர்களிடம் வாசிக்கக் கொடுத்துப் பார்த்துத்தான் இறுதியாக்கினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கையேடு பெற்றவர்களில் 27 சதவீதம் பேர் குளிசையை முற்றாக விட்டிருந்தார்கள். பெறாதவர்களில் 5 சதவீதம். பிறகு மருந்தாளரையும் சேர்த்து, வைத்தியருக்கு ஒரு கடிதம் அனுப்ப வைத்து, தூக்கக் குளிசையோடு வயதானவர்களுக்கு ஆகாத வேறு சில மருந்துகளுக்கும் 489 பேரிடம் செய்தார்கள். அது 2018-ல் வந்தது. அதில் கையேடு பெற்றவர்களில் 43, பெறாதவர்களில் 12 சதவீதம் பேர் மருந்தை விட்டிருந்தார்கள்.

இதை வாசித்துவிட்டு யாரும் வீட்டில் தூக்கக் குளிசையைச் சடாரென்று நிறுத்திவிட வேண்டாம். வலிப்பு வரைக்கும் போகும். வைத்தியரோடு கதைத்து மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

எதிர்க்கேள்வி

நல்ல ஆய்வுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழை எங்கேயோ போகிறது. அங்கே பெரியவர்கள் கையேட்டை வாங்கினார்கள், வாசித்தார்கள், முடிவெடுத்தார்கள். தூக்க மாத்திரையைப் பற்றி ஆராய வேண்டும் என்று முடிவு செய்தது யார்? ஆய்வாளர்கள். மலர் கேட்பது கேள்வியையே அவர்களோடு சேர்ந்து எழுதுவது பற்றி. அது வேறு விஷயம். உண்மையில் அப்படி எங்காவது நடக்கிறதா, அல்லது முன்னுரையில் எழுதிக்கொள்ளும் அலங்காரமா?

ஆரம்ப சுகாதார மருத்துவர்

நடக்கிறது. இங்கிலாந்தில் 2004-ல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணியின் வேலையே அதுதான். ஒரு நோயை எடுத்துக்கொண்டு நோயாளிகள், பராமரிப்பாளர்கள், மருத்துவப் பணியாளர்கள் மூவரிடமும் "உங்களுக்கு விடை தெரியாமல் இருப்பது எது?" என்று கேட்டு வாங்குவார்கள். பிறகு மூன்று தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து, எதை முதலில் ஆராய வேண்டும் என்று பத்துக் கேள்விகளைப் பொறுக்கி எடுப்பார்கள். மருந்துக் கம்பெனிக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது.

நம் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால் மறதி நோய் ஆய்வைப் பாருங்கள். 1998-ல் கொச்சியில் கூடிய மாநாட்டில் ஒரு ஆய்வுக் குழு உருவானது. பெயர் 10/66. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆய்வில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்ற கணக்கையே பெயராக வைத்துக்கொண்டார்கள். சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் ஆய்வு செய்தார்கள். அவர்களுடைய முறையில் பெரியவரைத் தனியாகச் சோதிப்பார்கள், அவரை நன்றாக அறிந்த வீட்டு ஆள் ஒருவரிடம் தனியாகக் கேட்பார்கள். பள்ளிக்கூடம் போகாத ஒருவரைத் தேதி, கணக்கு என்று கேட்டு மறதி நோய் என்று முத்திரை குத்திவிடும் தவறு அதனால் குறைந்தது. அப்படிப் பார்த்தால் வாத்தியார் ஐயா கேட்பதும் பவானி அம்மா கேட்பதும் சேர்ந்தே நடக்கக்கூடியதுதான். தனித்தனியாகக் கேட்க வேண்டும், அவ்வளவே. பெரியவருக்கு நினைவு நிஜமாகவே தப்பிய பிறகு பராமரிப்பவரின் சொல்தான் கையில் இருக்கும். அந்த இடத்தில் மருமகளின் நாட்காட்டியை விட்டால் நமக்கு வேறு கதி இல்லை.

மலருக்கு ஒரு யோசனை. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுக்கும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டில் போன மாத அட்டை பிரிக்காமல் கிடக்கிறது, எந்த வீட்டில் அரசு மாத்திரையும் கடையில் வாங்கியதும் ஒரே மெட்ஃபார்மின் என்று தெரியாமல் இரண்டையும் விழுங்குகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களையும் கூப்பிடுங்கள்.

சாமானிய உறுப்பினர்

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் ஒரு நெறிமுறைக் குழுவில் மருத்துவம் தெரியாத சாமானியர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. ஆரம்பத்தில் எனக்குக் காபி வரும், கேள்வி வராது. இப்போது நானே கேட்கிறேன். "இந்த ஒப்புதல் படிவத்தை உங்கள் அம்மாவிடம் வாசித்துக் காட்டினீர்களா?" பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள்.

மலர் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். கேள்வித்தாளை எழுத உதவ வருகிறவர்கள் உன் ஆலோசகர்கள். அவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்வதை ஆய்வுத் தரவாகக் கணக்கில் சேர்க்காதே. இந்தக் கூட்டம் நடக்கப் போவதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி, உங்கள் குழுவிடம் முன்கூட்டியே காட்டிவிடு. ஒப்புதல் வாங்கிய பிறகு கேள்வியை மாற்றினால் திரும்பவும் குழுவுக்கு வர வேண்டும், மாதக்கணக்கில் போய்விடும். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆய்வில் சேரும்போது ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும். அந்தச் சாட்சி அவருக்கு மருந்து கொடுக்கும் மகனாகவே இருந்தால் என்ன ஆகும் என்று வாத்தியார் மேலே சொல்லிவிட்டார்.

இன்னொன்று, வருகிறவர்களுக்குப் பஸ் காசு கொடு. "சேவை மனப்பான்மையோடு வந்தார்கள்" என்று அறிக்கையில் எழுதுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். உன் கைடு சேவை மனப்பான்மையோடா சம்பளம் வாங்குகிறார்?

எதிர்க்கேள்வி

சரி, என் பங்குக்கு ஒரு சமரசம். அந்த நாலு கேள்வியை அப்படியே வைத்துக்கொள், ஒப்பிட வேண்டுமே. "அலட்சியம்" என்ற சொல்லை மட்டும் பார், அது மொழிபெயர்ப்புக் கோளாறு. ஊர்க்காரர்கள் சொல்வதை இரண்டாம் பகுதியாகச் சேர். கைடுக்கும் கௌரவம், பாட்டிக்கும் கௌரவம்.

மொன்றியல் பேரன்

பாருங்கோ, எதிர்க்கேள்வி ஊர்க்கூட்டத்துக்கு வந்துவிட்டார்.

கடைசிபெஞ்சு மலர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கைடு ஒத்துக்கொண்டார், எதிர்க்கேள்வி அண்ணன் சொன்ன அதே சமரசத்தோடு. திட்டத்தில் எழுதிக் குழுவிலும் காட்டிவிட்டோம்.

பெரியவர்களை ஒரு நாள் எங்கள் ஊர்ச் சாவடியில் கூட்டினேன், ஐந்து பேர். மருந்து கொடுப்பவர்கள் மூன்று பேரையும் தன்னார்வலர் அக்காவையும் இன்னொரு நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு வீட்டுத் திண்ணையில். பஸ் காசு கொடுத்தேன். இரண்டு பேர் வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

"அலட்சியம்" போய்விட்டது. அந்த இடத்தில் "மருந்து விஷயத்தில் சில நாள் கொஞ்சம் அப்படி இப்படி ஆகிவிடுவது உண்டா?" என்று ஒரு தாத்தா சொல்லித் தந்தார். கைடு முகத்தைச் சுளித்தார், பிறகு சிரித்துவிட்டார். புதிதாக வந்த கேள்வி "எந்த நாளில் வேண்டுமென்றே விடுவீர்கள்?" இதற்கு விடை வந்துகொண்டே இருந்தது. பஸ் பயணம், அமாவாசை விரதம், நாற்று நடவுக்குப் போகும் நாள், பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் நாள். மாசக் கடைசியில் காசில்லாமல் ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து முதல் தேதி வரை ஓட்டுவதும் அதில் வந்தது. அதைச் சொன்ன அம்மா சொல்லி முடித்ததும் என் கையைப் பிடித்து, "டாக்டர்கிட்ட சொல்லிராத கண்ணு" என்றார்.

நிறத்தைப் பற்றியும் நான் யோசித்ததே இல்லை. அரசு மருத்துவமனை மாத்திரைக்கு ஒவ்வொரு டெண்டருக்கும் கம்பெனி மாறும், அட்டையின் நிறமும் மாறும். "வெள்ளை காலைக்கு, ரோஸ் ராத்திரிக்கு" என்று நிறத்தை வைத்துப் பழகியவர்கள் அந்த மாதம் முழுக்கத் தடுமாறுகிறார்கள். மருந்துப் பெயர் கேட்கும் இடத்தில் நிறத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

பராமரிப்பவர்கள் சேர்த்தது இரண்டு: பொடித்துக் கொடுக்கிறீர்களா, எத்தனை டாக்டரிடம் காட்டுகிறீர்கள். இரண்டும் பவானி அக்கா இங்கே எழுதியதுதான், அவர்களும் அதையே சொன்னார்கள்.

கேள்வி கேட்டுப் பட்டியல் எடுப்பதற்குப் பதில் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். லேகியம், கடையில் சும்மா வாங்கிய வலி மாத்திரை உள்பட. பையைப் பிரிக்கும்போது வீட்டு ஆள் பக்கத்தில் இருக்க மாட்டார், பெரியவரே வேண்டும் என்றால் ஒழிய. இது வாத்தியார் ஐயாவுக்காக.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "எல்லாத்தையும் எழுதிட்டுப் போயி என்ன தெரிஞ்சுதுன்னு எங்ககிட்ட வந்து சொல்லுவியா?" என்று கேட்டார்கள். ஆய்வை ஒப்படைத்த மறுவாரம் எனக்கு வேறு ஊரில் பயிற்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தேதியைத் தன்னார்வலர் அக்கா எழுதி வைத்துக்கொண்டார், இனி தப்ப முடியாது.

பவானி மருமகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன சொன்னீர்கள் என்பதை இங்கேயும் எழுதுங்கள். பாட்டியின் மஞ்சப்பையில் என்ன இருந்தது?

கடைசிபெஞ்சு மலர்

அதை ஏன் கேட்கிறீர்கள் அக்கா. கேள்வித்தாளில் பாதி அவள் சொன்னது, பையை மட்டும் காட்ட மாட்டேன் என்கிறாள். "நீ வீட்டு ஆளு. உன்கூடப் படிக்கிற புள்ளைங்கள்ல யாரையாச்சும் அனுப்பு, காட்டுறேன்." வியாழக்கிழமை என் தோழி வருகிறாள். அந்த நேரத்தில் நான் ரேஷன் கடைக்குப் போக வேண்டுமாம்.